நடப்பதற்கு முன்பே ‘ஓகே’ சொல்லும் மோட்டார்

கொஞ்ச நாளாகவே எழுத நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த குறிப்பு இது. ஸ்டெப்பர் மோட்டாரை சீரியல் வழியாக ஓட்டுவது எப்படி என்று சொல்லித் தரும் பதிவுகளுக்குப் பஞ்சமே இல்லை. நானும் சில மாணவர்களுக்கு அதைத்தான் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சொல்லிக்கொடுக்கும் முறையிலேயே ஒரு கோளாறு இருக்கிறது என்பதுதான் இங்கே நான் சொல்ல வருவது. நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு சொல்தா குடும்பம். புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காக: பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர்களை இங்கே சொல்தா என்போம். அந்த வீட்டு அண்ணன் தன் தாத்தாவின் படைச் சேவைப் புத்தகத்தையும், அதோடு மடித்து வைத்திருந்த சில பிரெஞ்சுக்காலப் பத்திரங்களையும் கொண்டுவந்தார். “தம்பி, இதெல்லாம் உதிர்ந்து போறதுக்குள்ள ஒரு படம் எடுத்துக் கொடுத்துடு” என்றார். இந்த ஊரில் அப்படிப்பட்ட தாள் வெறும் ஞாபகப்பொருள் இல்லை. பென்ஷன், குடியுரிமை, வாரிசு என்று எதற்காவது ஒருநாள் யாராவது கேட்பார்கள்.

மடிப்புத் தாள் படம் எடுக்கும்போது சுருண்டுகொள்ளும். அதனால் ஒரு கண்ணாடித் தட்டை மெதுவாக இறக்கி, தாளை லேசாக அழுத்தி, படம் எடுத்து, மறுபடி ஏற்றும் சின்னப் பொறி ஒன்றைச் செய்திருந்தேன். 28பிஒய்ஜே-48 என்ற அந்தச் சின்ன 5 வோல்ட் மோட்டார், யூஎல்என்2003 டிரைவர் போர்டு, ஆர்டுயினோ ஊனோ, ஒரு சுற்றுக்கு 1 மில்லிமீட்டர் நகரும் திருகுக் கம்பி. மேலே இருக்கும் இடம் 0. கீழே என்றால் 10 சுற்று. லேப்டாப்பிலிருந்து சீரியலில் எண் அனுப்பினால் தட்டு அந்த இடத்துக்குப் போகும்.

பத்துப் பதினைந்து தாள் ஒழுங்காக எடுத்தாச்சு. ஒரு தாளின் மேல் தட்டு இறங்கியிருந்தபோது கேமரா நிரல் மாட்டிக்கொண்டது. எல்லா ஜன்னலையும் மூடித் திறந்தேன், சீரியல் ஜன்னலையும் சேர்த்து. அப்புறம் ஞாபகப்பிசகாக ‘கீழே’ கட்டளையை மறுபடி கொடுத்தேன். ஏற்கெனவே கீழே இருக்கும் தட்டுக்கு ‘கீழே போ’ என்றால் ஒன்றும் ஆகக் கூடாது. ஆனால் மோட்டார் சுற்ற ஆரம்பித்தது. ‘நில்’ என்று அடித்தேன். நிற்கவில்லை. 0 அனுப்பினேன். கேட்கவில்லை. கடைசியில் யூஎஸ்பி கேபிளைப் பிடுங்கினேன். அதற்குள் கண்ணாடியின் ஓரம் விரிசல் விட்டு, தாளின் நடு மடிப்பு இரண்டு விரல் நீளத்துக்குக் கிழிந்துவிட்டது.

திரையில் என்ன இருந்தது தெரியுமா? ‘கீழே: ஓகே’.

அண்ணன் ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

அன்று ராத்திரி நிரலைத் திறந்து வரிவரியாகப் படித்தேன். நான் எழுதியதுதான், ஆனால் முழுக்க நான் எழுதியது இல்லை. எல்லோரும் செய்வதுபோல அங்கங்கே எடுத்து ஒட்டியது. தப்பு என்னுடையதே. ஆனாலும் அந்தத் தப்புகளில் எதுவும் எனக்கு மட்டுமே உரியதில்லை என்பது படிக்கப் படிக்கத் தெரிந்தது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதல் விஷயம், மீட்டமைப்பு. ஊனோ போர்டில் லேப்டாப் சீரியலைத் திறந்த உடனே போர்டு ரீசெட் ஆகும். டிடிஆர் என்ற சமிக்ஞைக் கம்பி ஒரு சின்னக் கெப்பாசிட்டர் வழியாக ரீசெட் முனையில் இணைந்திருக்கிறது. புது நிரல் ஏற்றும்போது நாம் பொத்தானை அழுத்தத் தேவையில்லாமல் இருக்கச் செய்த வசதி இது. நல்ல வசதிதான். ஆனால் அதன் விலை என்னவென்றால், நிரல் மனதில் வைத்திருந்த எண்ணிக்கை அழிந்து 0 ஆகிவிடும். மோட்டார் எங்கே இருந்ததோ அங்கேயேதான் இருக்கும். என் தட்டு கீழே, நிரலின் நம்பிக்கையில் தட்டு மேலே. அங்கிருந்து 10 சுற்று கீழே போகச் சொன்னால் அது போகத்தானே செய்யும்?

இரண்டாவது, காது. ஆர்டுயினோவோடு வரும் ஸ்டெப்பர் லைப்ரரியில் ‘ஸ்டெப்’ என்ற கட்டளையை அழைத்தால், சொன்ன அடிகள் முடியும்வரை அது திரும்பி வராது. இது ரகசியமில்லை, அவர்களுடைய விளக்கத்திலேயே எழுதியிருக்கிறது. நிமிடத்துக்கு 12 சுற்று வேகத்தில் 10 சுற்று என்றால் 50 விநாடி. அந்த 50 விநாடியும் போர்டுக்குக் காது இல்லை. சரியாகச் சொன்னால் காது இருக்கிறது, கேட்டதைப் புரிந்துகொள்ள ஆள் இல்லை. வரும் எழுத்துகள் 64 பைட் பஃபரில் போய்ச் சேரும். 9600 பாட் வேகத்தில் விநாடிக்கு 960 எழுத்து வரலாம், அதாவது ஒரு விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரத்திலேயே பஃபர் நிறைந்துவிடும். அதற்குமேல் வருவது சத்தமில்லாமல் தொலைந்துபோகும். நான் அடித்த ‘நில்’ அந்த வரிசையில் தன் முறைக்காகக் காத்துக்கொண்டு நின்றிருந்தது.

மூன்றாவது, எண் படிக்கும் முறை. சீரியலிலிருந்து எண்ணை எடுக்க ‘பார்ஸ்இன்ட்’ என்ற வசதியைத்தான் முதலில் சொல்லித் தருகிறோம். அது எண் வருமா என்று 1 விநாடி காத்திருக்கும். வரவில்லையென்றால் 0 என்று பதில் சொல்லும். உண்மையிலேயே 0 வந்தாலும் 0தான் சொல்லும். ‘ஒன்றும் வரவில்லை’ என்பதற்கும் ‘0-க்குப் போ’ என்பதற்கும் வித்தியாசமே கிடையாது. எண்ணை அனுப்பிவிட்டு என்டர் அடித்தால், அந்தப் புதுவரி எழுத்து பஃபரில் மிச்சம் கிடக்கும். அடுத்த சுற்றில் ‘ஏதோ வந்திருக்கே’ என்று பார்ஸ்இன்ட் எட்டிப் பார்த்து, 1 விநாடி காத்து, 0 கொடுக்கும். மோட்டார் போன இடத்திலிருந்து தானாகவே திரும்பி வரும். “சார், மோட்டார் பேய் பிடிச்ச மாதிரி திரும்புது” என்று மாணவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். பேய் இல்லை, புதுவரி.

நான்காவது எனக்கு நேரவில்லை, ஆனால் நேர்ந்திருக்கலாம். ஊனோவில் சாதாரண முழு எண் 32767 வரைதான். ஸ்டெப் கட்டளை அந்த வகை எண்ணையே வாங்குகிறது. இந்த மோட்டாருக்குச் சுற்றுக்கு 2048 அடி என்று வைத்தால், 15 சுற்று வரை சரி. 16 சுற்று கேட்டால் அசையவே அசையாது. 17 சுற்று கேட்டால் எண் சுருண்டு எதிர்மறையாகி, 15 சுற்று பின்னோக்கி ஓடும். பிழைச் செய்தி எதுவும் வராது.

இவை எல்லாம் திருத்தக்கூடியவை, பலரும் ஏற்கெனவே எழுதியவை. என்னை உறுத்துவது ஐந்தாவது, அந்த ‘ஓகே’. அதை எங்கிருந்து கற்றேன் என்று தேடிப் பார்த்தேன். ஸ்டெப்பர் லைப்ரரியோடு வரும் மாதிரி நிரல்களில் ஒன்று, மோட்டாரை ஒரு சுற்று முன்னும் ஒரு சுற்று பின்னும் ஓட்டும். அதில் ‘வலஞ்சுழி’ என்று சீரியலில் அச்சிடும் வரி முதலில் வரும், மோட்டாரை ஓட்டும் வரி அதற்கு அடுத்துத்தான். அதாவது நடப்பதற்கு முன்னாலேயே நடந்ததுபோலத் திரையில் வந்துவிடுகிறது. எழுதியவர்களைக் குறை சொல்ல முடியாது, இப்போது எந்தப் பக்கம் சுற்றப்போகிறது என்று பார்ப்பவருக்குச் சொல்ல வைத்த வரி அது. ஆனால் அதைப் படித்து வளரும் நாம், திரையில் வருவது மோட்டாரின் செய்தி என்று நினைத்துக்கொள்கிறோம். அது நிரலின் எண்ணம். மோட்டார் இன்னும் வாயே திறக்கவில்லை.

வரியை இடம் மாற்றி மோட்டார் வரிக்குப் பின்னால் போட்டால் சரியாகிவிடுமா? ஆகாது. அப்போதும் அது சொல்வது ‘நான் இத்தனை மின்துடிப்பு அனுப்பிவிட்டேன்’ என்பதையே. தண்டு திரும்பியதா என்பது போர்டுக்குத் தெரியாது. சுமை அதிகமாகி மோட்டார் வழுக்கினால், எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போகும். வழுக்காமலே ஓடினாலும் இன்னொன்று இருக்கிறது. இந்த மோட்டாருக்குள் இருக்கும் பல்சக்கரங்களைப் பிரித்து எண்ணிய பலர் கண்டது: விகிதம் நாம் எழுதும் 64 இல்லை, சுமார் 63.68. அதன்படி ஒரு சுற்றுக்கு 2048 அடி அல்ல, கிட்டத்தட்ட 2038. என் கண்ணாடித் தட்டுக்கு அது தூசு. ஆனால் ஒரே பக்கமாக 200 சுற்று ஓட்டினால் முழுதாக ஒரு சுற்று கூடிவிடும். நிரலோ 200 என்றே சாதிக்கும்.

இந்த இடத்தில் எனக்கு எங்கள் ஊர்க் கணியர் ஒருவர் ஞாபகம் வருகிறார்.

1825-இல் ஜான் வாரன் என்பவர் சென்னையில் ‘காலசங்கலிதம்’ என்ற நூலை வெளியிட்டார். அவர் புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் ஒருவரைச் சந்தித்ததை அதில் எழுதியிருக்கிறார். அந்தக் கணியர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களிலிருந்து எண்களை எடுத்து, எழுதாமலே சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். 1825 மே 31 இரவு தொடங்கிய கிரகணத்துக்கு அவர் சொன்ன நேரம் தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் வானத்திலிருந்து விலகியிருந்தது. கணித வரலாற்றாசிரியர் ஓட்டோ நாய்கபவர் 1952-இல் தமிழர் வானியல் பற்றி எழுதிய கட்டுரையில் இதை எடுத்து ஆராய்ந்திருக்கிறார்.

இதைக் கேட்டு ‘பழைய முறை, அப்படித்தான் இருக்கும்’ என்று சிரிக்க வேண்டாம். அதற்கு அறுபது வருடம் முந்தைய கதை ஒன்று உண்டு. வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்ப்பதற்காக 1768-இல் புதுச்சேரிக்கு வந்து, மறு வருடம் அந்த நேரத்தில் மேகம் மறைத்ததால் ஏமாந்துபோன பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்தீய், இங்குள்ள தமிழர் ஒருவரிடம் இதே வகைக் கணிப்பைக் கற்றார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் நீளத்தை அந்த முறையில் கணித்தபோது பிழை 41 விநாடிதான். அன்றைய ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையான தோபியாஸ் மாயருடையது 68 விநாடி தவறியது.

ஒன்று நீளத்தில் வந்த பிழை, மற்றது நேரத்தில் வந்த பிழை; நேருக்கு நேர் ஒப்பிட முடியாதுதான். ஆனால் கவனிக்க வேண்டியது வேறு. ஒருநாள் அசத்தலாகப் பலித்தது, இன்னொரு நாள் முக்கால் மணிக்கும் மேல் தப்பியது. சோழி நகர்த்துகிறவருக்கு இரண்டு நாளும் ஒரே மாதிரிதான் இருந்திருக்கும். எந்த நாள் எது என்று சோழி சொல்லாது. யாராவது வாசலுக்கு வந்து நிலாவைப் பார்த்தால்தான் தெரியும்.

நம் வீடுகளில் வாக்கியமா திருக்கணிதமா என்று சண்டை போடுவோமே, அதன் வேர் இதுதான். வாக்கியம் என்பது பழைய எண்களின் மேல் எண்களைக் கூட்டிக்கொண்டே போவது. திருக்கணிதம் என்பது கண்ணால் பார்த்ததோடு அவ்வப்போது ஒத்துப்பார்த்துத் திருத்திக்கொள்வது. ஸ்டெப்பர் மோட்டார் பிறவியிலேயே வாக்கியக்காரன். அதில் தப்பில்லை, அதனால்தான் அது மலிவு, எளிது. தப்பு எங்கே என்றால், வாக்கியம் போட்டுவிட்டுத் திருக்கணிதம் என்று அட்டையில் அச்சடிப்பதில்.

சரி, நேர்மையான நிரல் எப்படி இருக்கும்? என் கண்ணில் பட்டதில் சிறந்தது, 2009-இல் சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் தொடங்கி, பிறகு சங்யூன் ஜியோன் வளர்த்தெடுத்த ஜிஆர்பிஎல். இதே ஊனோ போர்டில் ஓடி, மரமும் உலோகமும் செதுக்கும் இயந்திரங்களை சீரியல் கட்டளைகளால் ஓட்டுகிற நிரல் அது. ‘வீடு திரும்பல்’ அமைப்பை இயக்கி வைத்தால், மின்சாரம் வந்ததும் அது வேலைக்குத் தயார் என்று சொல்லாது. அலாரம் நிலையில் பூட்டிக்கொண்டு நிற்கும். எல்லைச் சுவிட்சை ஒருமுறை தொட்டுவிட்டு வந்தால்தான், அல்லது நாமே பொறுப்பேற்றுப் பூட்டைத் திறந்தால்தான், நகரும். ஓடிக்கொண்டிருக்கும்போது கேள்விக்குறியை அனுப்பினால் அந்தக் கணத்து நிலையைச் சொல்லும். ஆச்சரியக்குறியை அனுப்பினால் வேகத்தைக் குறைத்து நிற்கும். இந்த எழுத்துகளை அது மற்ற கட்டளைகளோடு வரிசையில் நிறுத்துவதில்லை. வந்த உடனே தனியாக எடுத்துக்கொள்கிறது. ஆம்புலன்ஸுக்கு வழி விடுவது மாதிரி.

எனக்கு அதில் மிகவும் பிடித்தது 3-ஆம் எண் அலாரம். ஓட்டத்தின் நடுவே ரீசெட் செய்தால் அது சொல்வது இதுதான்: இடத்துக்கு இனி நான் உத்தரவாதம் இல்லை, அடிகள் தப்பியிருக்கும், மறுபடி வீடு திரும்பி வா. தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் நிரல்.

அதையும் முழுசாகப் புகழ முடியாது. அதன் ‘ஓகே’யும் பலரை ஏமாற்றும். வரியைப் படித்து வரிசையில் வைத்துக்கொண்டேன் என்பதே அதன் பொருள்; வெட்டி முடித்தேன் என்று இல்லை. அதோடு, வீடு திரும்பல் அமைப்பு ஆரம்பத்தில் அணைக்கப்பட்டே வருகிறது. சுவிட்ச் இல்லாத இயந்திரத்தில் அதுவும் மின்சாரம் வந்ததும் தன் இடம் 0 என்றே நம்பும். மைக் மெக்காலியின் ஆக்செல்ஸ்டெப்பர் லைப்ரரி காது கேட்காத பிரச்சினையை நன்றாகத் தீர்க்கிறது. ஒவ்வோர் அடியாக நகர்த்திவிட்டு உடனே திரும்பிவிடும், இடையில் சீரியலைப் படிக்கலாம். ஆனால் ‘இப்போது எங்கே’ என்று கேட்டால் அதுவும் எண்ணிக்கையைத்தான் நீட்டும்.

ஆகவே என் வாதம் லைப்ரரியை மாற்றுவது பற்றியது அல்ல. கட்டளைக்குப் பதிலாக நாம் எழுதும் சொற்களைப் பற்றியது. குறைந்தது நான்கு நிலைகளுக்கு நான்கு தனிச் சொல் வேண்டும்: வாங்கிக்கொண்டேன், ஓடிக்கொண்டிருக்கிறேன், அனுப்பி முடித்தேன், இடம் தெரியாது. இதில் கடைசிச் சொல்தான் எந்தப் பாடத்திலும் இல்லை. போர்டு விழித்ததும் சொல்ல வேண்டிய முதல் சொல்லே அதுதான்.

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி எதிர்த்தாள். “சார், ஆரம்பப் பாடத்துல மோட்டார் சுத்தறதைப் பார்த்தா போதாதா? சுவிட்ச், நிலை, அலாரம்னு போட்டா பயந்து ஓடிடுவாங்க.” நியாயமான கேள்வி. நானும் அப்படி நினைத்துத்தான் இத்தனை நாள் எளிய பாடமாகக் கொடுத்தேன். ஆனால் ஆரம்பப் பாடத்தை யாரும் ஆரம்பத்தோடு விட்டுவிடுவதில்லையே. அதே பத்து வரிதான் அடுத்த வருடம் ஊசி பம்பிலும், கதவிலும், கண்ணாடித் தட்டிலும் போய் உட்கார்கிறது. ஒரு மைக்ரோசுவிட்ச், ‘இடம் தெரியுமா’ என்று ஒரு மாறி, தெரியாவிட்டால் நகர மறுக்கும் ஒரு வரி. இவ்வளவுதான் கூடுதல். சக்தியை அளவிடாத தராசைக் கொடுத்து வியாபாரம் பழக்குவதைவிட இது பெரிய சுமை இல்லை.

என் பொறியை மாற்றிவிட்டேன். மேலே ஒரு சுவிட்ச். போர்டு விழித்ததும் ‘இடம் தெரியாது’ என்று சொல்லி நிற்கும். ‘வீடு’ என்றால் மேலேறிச் சுவிட்சைத் தொட்டு, பிறகுதான் எண்களை ஏற்கும். எண் படிப்பதை ஒவ்வோர் எழுத்தாக நானே எழுதினேன். வெறும் வரி வந்தால் ஒன்றும் செய்யாது. ஆச்சரியக்குறி எப்போது வந்தாலும் நிற்கும். கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு சின்ன ஸ்பிரிங் வைத்தேன், எல்லாம் தப்பினாலும் அழுத்தம் தாளின் மேல் முழுசாக இறங்காது. இந்தக் கடைசி வேலைக்கு நிரலே வேண்டாம், அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

கிழிந்த தாளைக் காகிதம் ஒட்டத் தெரிந்த ஒருவர் மெல்லிய தாள் வைத்து ஒட்டிக் கொடுத்தார். எழுத்து எதுவும் போகவில்லை, தழும்பு தெரிகிறது. மிச்சத் தாள்களைக் கேட்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. அண்ணனே ஒரு ஞாயிற்றுக்கிழமை பையோடு வந்துவிட்டார். பொறியைப் போட்டதும் திரையில் வந்ததைக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

“என்னப்பா, இடம் தெரியாதுன்னு வருது?”

“ஆமாண்ணே. இப்பதான் முழிச்சிருக்கு, அதுக்குத் தெரியாது. போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லும்.”

தட்டு மேலே போய் ‘டிக்’ என்று சுவிட்சைத் தொட்டு நின்றது. அவர் பையிலிருந்து அடுத்த தாளை எடுத்துக் கொடுத்தார்.

அன்று 22 தாள் எடுத்தோம். இன்னும் ஒரு கட்டு பாக்கி இருக்கிறது. எண் படிக்கும் பகுதியை அடுத்த குறிப்பில் வரிவரியாக எழுதுகிறேன்.